பென்சிலை உருவினால் காந்தம் ஏன் கவிழ்கிறது?

பாபநாசத்திலிருந்து ஒரு தகப்பனார் கேட்டிருக்கிறார்: "என் மகன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். பழைய ஸ்பீக்கர்களைப் பிரித்து வட்டக் காந்தங்களைச் சேர்த்து வைத்திருக்கிறான். பள்ளிக் கண்காட்சியில் ஒரு காந்தத்தை இன்னொன்றின் மேல் அந்தரத்தில் மிதக்கவிட வேண்டுமாம். பென்சிலில் கோத்தால் ஜோராக மிதக்கிறது. பென்சிலை உருவியதும் குப்புற விழுந்து ஒட்டிக்கொள்கிறது. மூன்று வாரமாக மல்லுக்கட்டுகிறான். இன்னும் பலமான காந்தம் வாங்கித் தரச் சொல்கிறான். வாங்கித் தரலாமா? ஜப்பானிலும் சீனாவிலும் ரயிலையே மிதக்கவிடுகிறார்களே, அதில் எவ்வளவு பலமான காந்தம் இருக்கும்?"

முதலில் பையனுக்கு ஒரு சபாஷ். மூன்று வாரம் விடாமல் தோற்பது சின்ன விஷயம் இல்லை. கும்பகோணத்தில் முப்பது வருஷம் இயற்பியல் பாடம் எடுத்தவன் நான். வருஷத்துக்கு ஒரு மாணவனாவது இதே காந்தத்தோடு வந்து நிற்பான். எல்லோருடைய சந்தேகமும் ஒன்றுதான்: பலம் போதவில்லையோ?

பலம் போதாமல் இல்லை. அதே மாதிரி இன்னும் பலமான வட்டக் காந்தம் வாங்கித் தந்தால் இன்னும் வேகமாகக் கவிழும், அவ்வளவுதான்.

தூக்குவது காந்தத்துக்குப் பெரிய வேலையே இல்லை. 1 டெஸ்லா காந்தப்புலம் ஓர் இரும்புப் பரப்பைப் பிடித்து இழுத்தால், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 4 கிலோ எடையைத் தாங்கும். ஒரு சதுர மீட்டருக்கு 40 டன். நம் ஊர்க் கணக்கில் சொல்கிறேன். நெல் கொள்முதல் நிலையத்தில் ஒரு சிப்பம் 40 கிலோ. அப்படி ஆயிரம் சிப்பம். ஒரு கட்டில் அளவுகூட இல்லாத பரப்பில் ஆயிரம் மூட்டை நெல்லைத் தொங்கவிடலாம். ரயில் பெட்டியைத் தூக்குவதற்கு என்ன குறை?

குறை வேறு இடத்தில் இருக்கிறது. தஞ்சாவூர்த் தலையாட்டி பொம்மை உங்கள் வீட்டில் இருந்தால் எடுத்து மேஜைமேல் வையுங்கள். அடி உருண்டையாக, கனமாக இருக்குமே, அந்த ராஜா ராணி பொம்மை. எந்தப் பக்கம் சாய்த்தாலும் எழுந்து நிற்கும். இதைப் பாடப்புத்தகம் உறுதிச் சமநிலை என்று சொல்கிறது. கொஞ்சம் விலக்கினால் பழைய இடத்துக்கே திரும்பி வருகிற நிலை. இப்போது ஒரு பென்சிலைக் கூர்முனையில் நிறுத்திப் பாருங்கள். கணக்குப்படி அதுவும் நிற்க வேண்டியதுதான், எல்லா விசையும் சமமாகத்தான் இருக்கிறது. ஆனால் எறும்பு தும்மினால்கூட விழுந்துவிடும். ஏனென்றால் விலகியதைத் திருப்பிக் கொண்டுவர அங்கே யாரும் இல்லை. விலகினால் இன்னும் விலக்கத்தான் விசை இருக்கிறது.

உங்கள் பையன் கேட்பது தலையாட்டி பொம்மை. காந்தம் கொடுப்பது கூர்முனைப் பென்சில்.

எத்தனை காந்தத்தை எப்படி அடுக்கினாலும் இப்படித்தான் ஆகும் என்று 1842இலேயே நிரூபித்துவிட்டார் சாமுவேல் ஏர்ன்ஷா என்ற ஆங்கிலேயர். கேம்பிரிட்ஜில் கணிதம் படித்த பாதிரியார். வேடிக்கை என்னவென்றால், அவர் காந்தத்தை மிதக்கவிட முயன்று தோற்றவர் அல்ல. ஒளி பயணம் செய்ய 'ஈதர்' என்று ஒரு ஊடகம் இருப்பதாக அந்தக் காலத்தில் நம்பினார்கள். அந்த ஈதரின் துகள்களுக்கு இடையே என்ன விசை இருக்க முடியும் என்று அவர் கணக்குப் போட்டார். ஈதர் போய்விட்டது, கணக்கு நின்றுவிட்டது.

அந்தக் கணக்கைக் களத்துமேட்டில் வைத்துப் பார்த்தால் எளிதாகப் புரியும். அறுவடை முடிந்து பக்கத்தில் பக்கத்தில் இரண்டு நெல் அம்பாரம் குவித்திருக்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் இருக்கும் இல்லையா? அந்தப் பள்ளத்தின் நட்டநடுவில் ஒரு பந்தை வைக்கிறோம். இடது அம்பாரத்தின் பக்கம் தள்ளினால் திரும்பி நடுவுக்கு வரும். வலது பக்கம் தள்ளினாலும் வரும். ஆகா, நிற்கிறது என்று கையை எடுத்தால், பந்து முன்பக்கமாகவோ பின்பக்கமாகவோ உருண்டு தரைக்குப் போய்விடும். ஒரு திசையில் அது குழி, குறுக்குத் திசையில் அது மேடு. நிலையான காந்தங்கள் வெற்றிடத்தில் உருவாக்கும் புலம் எப்போதுமே இந்த வகைப் பள்ளம்தான். எல்லாப் பக்கமும் கரை உயர்ந்த இட்லித் தட்டுக் குழி மாதிரி ஒன்றை அதில் உண்டாக்கவே முடியாது.

இன்னும் கறாராகவும் சொல்லலாம். மூன்று திசைகளிலும் 'திரும்பி இழுக்கும் தன்மை' எவ்வளவு என்று அளந்து கூட்டினால் மொத்தம் பூஜ்யம் வரும். பையனின் வட்டக் காந்தத்தில் மேலும் கீழும் 10 பங்கு திரும்பி இழுக்கிறது என்று வையுங்கள். அமுக்கிவிட்டால் எழும்புகிறதே, அதுதான் அந்த 10. அப்படியானால் முன்பின்னாக 5 பங்கும், பக்கவாட்டில் 5 பங்கும் வெளியே தள்ளியே ஆக வேண்டும். இருமடங்கு பலமான காந்தம் வாங்கினால் அந்த 10 பெருகும், அதோடு இந்த 5ம் 5ம் சேர்ந்தே பெருகும். பலமான காந்தம் வேகமாகக் கவிழும் என்று சொன்னதன் காரணம் இது. நழுவுவது போதாதென்று, மேல் காந்தத்துக்குத் தலைகீழாகப் புரண்டு எதிர்த்துருவத்தோடு ஒட்டிக்கொள்ள வேண்டும் என்ற ஆசை வேறு எப்போதும் இருக்கிறது. பென்சில் இரண்டையும் தடுக்கிறது. அதனால் பென்சிலைக் கேவலமாக நினைக்க வேண்டாம். நம் வீட்டுச் சுவரில் முன்பு இருந்த, அலுமினியத் தகடு சுற்றும் இ.பி. மீட்டரில் சில வகைகள் இதே உத்தியில் செய்யப்பட்டவை. தகட்டின் எடையைக் காந்தம் தாங்கும். பக்கவாட்டில் ஓடாமல் ஒரு மெல்லிய ஊசி நடுவில் நிற்கும். அந்த ஊசிதான் பென்சில். (பழைய மீட்டர் கிடக்கிறதே என்று சீலை உடைத்துப் பார்த்து அபராதம் கட்ட வேண்டாம்.)

அப்புறம், கோயில் கதை. இந்தக் கேள்விக்குப் பின்னாலேயே யாராவது அதைக் கொண்டுவருவார்கள் என்பதால் இப்போதே சொல்லிவிடுகிறேன். மேலேயும் கீழேயும் காந்தக்கல் பதித்து விக்கிரகத்தை அந்தரத்தில் நிறுத்தியிருந்தார்கள் என்ற கதை உலகம் முழுக்க இருக்கிறது. குஜராத்தின் சோமநாதர் கோயிலைப் பற்றி அப்படி 13ஆம் நூற்றாண்டில் பாரசீக அறிஞர் அல்கஸ்வினி எழுதினார். அலெக்சாந்திரியாவில் அரசி ஆர்சினோயிக்குக் காந்தக்கல் கூரை போட்டு இரும்புச் சிலையைத் தொங்கவிட ஒரு கட்டடக் கலைஞர் தொடங்கினார் என்று ரோமானியர் பிளினி எழுதினார். ஆனால் வேலை முடிவதற்குள் அந்தக் கலைஞரும் ராஜாவும் இறந்துவிட்டார்களாம். வசதியான முடிவு! காந்தக்கல்லையும் இரும்பையும் மட்டும் வைத்துக்கொண்டு இது நடக்காது. என் பாட்டி சொன்ன கதையாக இருந்தாலும் நடக்காது.

சரி, ரயில் எப்படி மிதக்கிறது? ஏர்ன்ஷாவின் கணக்கில் நிபந்தனைகள் உண்டு. காந்தம் மாறாமல் இருக்க வேண்டும், அசையாமல் இருக்க வேண்டும், மிதக்கும் பொருள் காந்தத்தை விலக்கும் ஜாதியாக இருக்கக் கூடாது. இதில் எந்த நிபந்தனையை மீறினாலும் ஒரு வாசல் திறக்கும். உலகத்தில் மிதக்கும் எல்லாமே இப்படி ஏதாவது ஒரு வாசல் வழியாக வந்தவைதான்.

ஷாங்காய் ரயில் முதல் நிபந்தனையை மீறியது. அது தலையாட்டி பொம்மை இல்லை, கரகாட்டம். கரகம் ஆடுகிறவரின் தலையில் குடம் நிற்பது குடத்தின் சாமர்த்தியத்தால் அல்ல. குடம் இம்மி சாய்வதற்குள் கழுத்து அதை உணர்ந்து எதிர்ப்பக்கம் நகர்ந்துவிடுகிறது. அதே வேலையை அங்கே எலக்ட்ரானிக்ஸ் செய்கிறது. பெட்டியின் கீழ்ப்பகுதி தண்டவாளப் பாலத்தைக் கைபோல இருபக்கமும் சுற்றி வளைத்துப் பிடித்திருக்கும். அந்தக் கையின் நுனியில், பாலத்துக்கு அடியில், மின்காந்தங்கள். அவை மேலே இருக்கும் இரும்பை நோக்கி இழுபடுவதால் பெட்டி முழுவதும் எழும்பும். கவனியுங்கள், இது விலக்குவதால் மிதப்பது இல்லை, ஈர்ப்பதால் மிதப்பது. பலருக்கு இது தெரியாது.

ஆனால் ஈர்ப்பு பொல்லாதது. இடைவெளி குறைந்தால் ஈர்ப்பு கூடும், கூடினால் இன்னும் நெருங்கும், கடைசியில் பச்சக் என்று ஒட்டிக்கொள்ளும். இடைவெளி கூடினால் ஈர்ப்பு குறையும், பெட்டி விழும். இடையில் இருப்பது சுமார் 10 மில்லிமீட்டர். சென்சார் அந்த இடைவெளியை நொடிக்கு ஆயிரக்கணக்கான முறை அளக்கும். நெருங்கினால் மின்னோட்டத்தைக் குறைக்கும், விலகினால் கூட்டும். ஹெர்மன் கெம்பர் என்ற ஜெர்மானியர் 1934இலேயே இந்த வகை ரயிலுக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். வேகமாக யோசிக்கும் மின்னணுச் சுற்றுகள் வரும்வரை அது காகிதத்தில்தான் இருந்தது. அதாவது கழுத்து வரக் காத்திருந்தது.

நகர்த்துவது எப்படி என்று கேட்டால், உங்கள் ஊரில் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடைக்குப் பையனைக் கூட்டிப் போங்கள். மோட்டாரின் உள்ளே வட்டமாக, தாமிரக் கம்பி சுற்றிய ஸ்டேட்டர் இருக்கும். அதில் மின்சாரம் பாய்ந்தால் காந்தப்புலம் வட்டமாகச் சுற்றி ஓடும். அந்த ஸ்டேட்டரை ஒரு பக்கம் கத்தரித்து, பாய் விரிப்பது போல நீளமாக விரித்துவிட்டால்? சுற்றி ஓடிய புலம் இப்போது நேராக ஓடும். அதைக் கிலோமீட்டர் கணக்கில் தடம் முழுக்கப் பதித்தால், ரயிலின் காந்தங்கள் அந்த ஓடும் புலத்தைப் பிடித்துக்கொண்டு கூடவே ஓடும். ரயிலுக்குள் எஞ்சின் என்று தனியாக ஒன்றும் இல்லை. ஷாங்காயில் லாங்யாங் சாலை நிலையத்திலிருந்து புடோங் விமான நிலையம் வரை 30 கிலோமீட்டர் தூரத்துக்கு 2004இல் பயணிகள் சேவை தொடங்கியது. மணிக்கு 431 கிலோமீட்டர் வேகத்தில் எட்டு நிமிடத்துக்குள் கொண்டுபோய்விட்டது. கும்பகோணத்திலிருந்து உங்கள் ஊருக்கு டவுன் பஸ் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதற்குள் இறங்கிவிடலாம்.

ஜப்பான்காரர்களுடையது முற்றிலும் வேறு. அதைப் புரிந்துகொள்ள முதலில் வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். ஏ.சி. மெக்கானிக்கிடம் ஒரு முழம் செம்புக் குழாய் வாங்குங்கள். அதற்குள் நுழையும் அளவில் ஒரு சின்ன நியோடிமியம் காந்தத்தை மேலிருந்து விடுங்கள். செம்பு காந்தத்தில் ஒட்டாது, அது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் காந்தம் தொப்பென்று விழாது. எண்ணெயில் இறங்குவது போல நிதானமாக இறங்கும். நகரும் காந்தம் செம்பில் மின்னோட்டத்தைத் தூண்டுகிறது, அந்த மின்னோட்டம் தானே ஒரு காந்தமாகி, வரும் காந்தத்தை எதிர்க்கிறது. பத்தாம் வகுப்பு தாண்டியதும் லென்ஸ் விதி என்று மனப்பாடம் செய்யப் போகிறானே, அது இதுதான். கும்பகோணத்துப் பித்தளைத் தாம்பாளத்தைச் சாய்த்து அதன்மேல் காந்தத்தைச் சறுக்கவிட்டாலும் வேகம் குறைவது தெரியும். செம்பில் செய்தால் இன்னும் தெளிவாகத் தெரியும், ஏனென்றால் பித்தளையைவிடச் செம்பு மூன்று மடங்குக்கு மேல் நன்றாக மின்சாரம் கடத்தும்.

இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. குழாய் காந்தத்தின் வேகத்தைக் குறைக்கும், ஒருபோதும் நிறுத்தாது. நின்றால் மின்னோட்டமே கிடையாது, மின்னோட்டம் இல்லையென்றால் தாங்க ஆள் கிடையாது. ஆகவே மிதக்க வேண்டுமானால் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஜப்பான் ரயில் அப்படியே செய்கிறது. தடம் நம் வாய்க்கால் மாதிரி இருக்கும்: தரை, இரண்டு பக்கமும் சுவர். சுவர்களில் '8' என்ற எண்ணின் வடிவத்தில் காயில்கள். ஒரே கம்பியை மேலே ஒரு வளையம், கீழே எதிர்ச்சுற்றாக ஒரு வளையம் என்று முறுக்கி வைத்திருப்பார்கள். ரயிலின் காந்தம் இரண்டு வளையத்துக்கும் நடுவே கடந்துபோனால், மேல் வளையமும் கீழ் வளையமும் ஒன்றை ஒன்று ரத்து செய்துவிடும்; மின்னோட்டம் எழாது. ரயில் கொஞ்சம் கீழே இறங்கினால் சமன் குலைந்து மின்னோட்டம் பாயும். கீழ் வளையம் தள்ளும், மேல் வளையம் இழுக்கும், ரயில் எழும்பும். சென்சாரும் வேண்டாம், கம்ப்யூட்டரும் வேண்டாம். சாய்த்தால் தானே எழுந்திருக்கும் பொம்மை. எனக்கு இந்த எட்டு வடிவக் காயிலைவிட அழகான பொறியியல் யோசனை ஒன்று சட்டென்று நினைவுக்கு வரவில்லை. 1960களில் அமெரிக்காவில் ஜேம்ஸ் பவல், கார்டன் டான்பி என்ற இருவர், மின்தடையே இல்லாத மீகடத்திக் காந்தத்தை வைத்து ரயிலை இப்படி மிதக்கவிடலாம் என்று எழுதினார்கள். பவலுக்கு இந்த எண்ணம் வந்ததே நியூயார்க்கில் ஒரு பாலத்தில் போக்குவரத்து நெரிசலில் சிக்கிக் கிடந்தபோதுதான்.

நிற்கும்போதும் மெதுவாகப் போகும்போதும் ரப்பர் சக்கரம்தான். மணிக்கு 150 கிலோமீட்டரை ஒட்டி வேகம் வந்ததும் சக்கரத்தை மடக்கிக்கொண்டு, விமானம் மாதிரி எழும்பும். இடைவெளி 10 சென்டிமீட்டர், ஷாங்காய் ரயிலைப்போல் பத்து மடங்கு. நிலநடுக்கம் வரும் நாட்டுக்கு அந்த விசாலம் தேவை. 2015 ஏப்ரல் 21 அன்று யமனாஷி சோதனைத் தடத்தில் மணிக்கு 603 கிலோமீட்டர் தொட்டார்கள்.

இவ்வளவு இடைவெளிக்கு மிகப் பலமான காந்தம் வேண்டும். இங்கேதான் உங்கள் பையன் கேட்ட பலம் வருகிறது. நியோபியம்-டைட்டேனியம் கம்பியைத் திரவ ஹீலியத்தில் மைனஸ் 269 டிகிரி வரை குளிரவைத்தால் அதன் மின்தடை அடியோடு மறைந்துவிடும். ஒரு முறை மின்னோட்டத்தை ஏற்றி முனைகளை இணைத்துவிட்டால், வெளியிலிருந்து மின்சாரம் கொடுக்காமலே அது சுற்றிக்கொண்டே இருக்கும். இதுதான் மீகடத்தி. பாதரசத்தில் இதை முதன்முதலில் 1911இல் கண்டவர் நெதர்லாந்தின் கேமர்லிங் ஆனஸ்.

மீகடத்திக்கு இன்னொரு குணமும் உண்டு. 1933இல் ஜெர்மனியில் மைஸ்னரும் ஆக்சன்ஃபெல்டும் கண்டது. குளிர்ந்து மீகடத்தியாகும்போது அது தன் உள்ளிருந்து காந்தப்புலத்தையே வெளியே துரத்தும். காந்தத்தை விலக்கும் ஜாதி என்று சொன்னேனே, அதன் உச்சம் இது. இதை என் கண்ணால் பார்க்க வேண்டும் என்று எனக்குப் பல வருஷம் ஆசை. 1986, 87இல் புதிய வகை மீகடத்திகள் வந்து வழி திறந்தது. யிட்ரியம், பேரியம், செம்பு கலந்த ஆக்சைடு மைனஸ் 180 டிகிரியிலேயே மீகடத்தியாகிவிடும். அதற்குத் திரவ நைட்ரஜன் போதும், அது மைனஸ் 196 டிகிரி. கல்லூரியில் அந்த ஆக்சைடில் செய்த ஒரு வில்லையை வாங்கிவிட்டோம். திரவ நைட்ரஜனுக்கு எங்கே போவது? ஒரு நாள் பக்கத்து வீட்டு மாட்டுக்குச் சினை ஊசி போட வந்தவர் கேனைத் திறந்தார், வெள்ளைப் புகை வழிந்தது. அட, இதைத்தானே தேடிக்கொண்டிருந்தோம்! காவிரிக் கரையில் கால்நடை மருந்தகம் இருக்கும் ஊரிலெல்லாம் மைனஸ் 196 டிகிரி இருக்கிறது, நாம்தான் கவனிப்பதில்லை. தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம் சொல்லி ஒரு பிளாஸ்க் வாங்கி வந்தோம்.

தெர்மாகோல் கிண்ணத்தில் கறுப்பு வில்லை, அதன்மேல் ஒரு துண்டு அட்டை, அட்டைமேல் சின்னக் காந்தம். நைட்ரஜனை ஊற்றிக் கொதிப்பு அடங்கும்வரை பொறுத்து அட்டையை உருவினோம். காந்தம் அங்கேயே நின்றது. விரலால் சுண்டினால் சுற்றியது. இடுக்கியால் தூக்கினால் வில்லையும் கூடவே எழுந்து வந்தது, இடைவெளி மாறாமல்! காந்தத்தின் புலக்கோடுகளில் சில வில்லைக்குள் நுழைந்து, கருவேல முள்ளில் சிக்கிய துணி மாதிரி, அதன் படிகக் குறைகளில் மாட்டிக்கொள்கின்றன. அதனால் விலகவும் விடாது, நெருங்கவும் விடாது. நான்கைந்து நிமிடத்தில் வில்லை சூடேறி, காந்தம் மெல்ல இறங்கி உட்கார்ந்துவிட்டது. பின்வரிசை மாணவர்கள் பெஞ்சுமேல் ஏறி நின்று பார்த்தார்கள். அன்றைக்கு ஒருவரையும் நான் இறங்கச் சொல்லவில்லை.

பம்பரம் வழியும் ஒன்று உண்டு, சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்காவில் ராய் ஹாரிகன் என்பவர் 1983இல் காப்புரிமை வாங்கியது. காந்தப் பம்பரத்தைச் சுழற்றிவிட்டால் கீழே உள்ள காந்தத்தின்மேல் ஓரிரு நிமிடம் மிதக்கும். சுழல்வதால் அது தலைகீழாகப் புரளாது. தலையை ஆட்டியாட்டி அந்தந்த இடத்துப் புலத்தின் திசைக்கு ஏற்பத் தன் அச்சைத் திருப்பிக்கொள்ளும். வேகம் குறைந்தால் கவிழும், அளவுக்கு மிஞ்சி வேகமாகச் சுற்றினாலும் நிற்காது. எடையை வாஷர் வாஷராகப் போட்டுச் சரிசெய்ய வேண்டும். பொறுமைசாலிகளுக்கான பொம்மை, எனக்கு ஒத்துவரவில்லை.

இதெல்லாம் இருந்தும் மிதக்கும் ரயில் ஊரெல்லாம் ஏன் வரவில்லை? உராய்வு இல்லையே, செலவு குறையுமே என்று நினைப்போம். மணிக்கு 500 கிலோமீட்டரில் ரயிலின் பெரிய எதிரி சக்கரம் இல்லை, காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்றைக் கிழிக்க எட்டு மடங்கு திறன் வேண்டும், மிதந்தாலும் அதே கதைதான். சென்னை ஐ.ஐ.டி. தன் தையூர் வளாகத்தில் 422 மீட்டருக்கு ஹைப்பர்லூப் சோதனைக் குழாய் அமைத்திருப்பதும் இதனால்தான். குழாயிலிருந்து காற்றை எடுத்துவிட்டு அதற்குள் மிதக்கவிடும் யோசனை அது. இன்னொரு சங்கடம், மிதக்கும் ரயில் ஏற்கெனவே இருக்கும் தண்டவாளத்தில் ஓடாது. எல்லாமே புதிதாகப் போட வேண்டும், பழுது வந்தால் உதிரிபாகம் வேறு எங்கும் கிடைக்காது. பிரிட்டனில் பர்மிங்காம் விமான நிலையத்தில் 1984இல் தொடங்கிய 600 மீட்டர் மிதவை வண்டியை அதனால்தான் 1995இல் மூடினார்கள். களிமண்ணும் வண்டலுமான நம் டெல்டாவில் மில்லிமீட்டர் பிசகாத பாலம் கட்டுவதற்கு எவ்வளவு ஆழம் பைல் இறக்க வேண்டும் என்று சிவில் எஞ்சினியரைத்தான் கேட்க வேண்டும். அதுவரை உழவன் எக்ஸ்பிரஸ் போதும், இரவில் ஏறித் தூங்கி எழுந்தால் ஊர்.

இனி உங்கள் பையனுக்கு. காந்தத்தை விலக்கும் ஜாதி மீகடத்தி மட்டும் இல்லை. தண்ணீர், செம்பு, பிஸ்மத், கிராஃபைட் எல்லாமே கொஞ்சமாக விலக்கும். டயா காந்தப் பொருள் என்று பெயர். தண்ணீரின் விலக்கு அற்பசொற்பம். ஆனாலும் 1997இல் நெதர்லாந்தின் நைமெகனில் ஆந்த்ரே கெய்ம் 16 டெஸ்லா காந்தத்துக்குள் ஓர் உயிருள்ள தவளையையே மிதக்கவிட்டார். தவளை உடம்பில் பெரும்பகுதி தண்ணீர்தானே! தவளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்காக 2000இல் அவருக்கும் மைக்கேல் பெர்ரிக்கும் சிரிக்கவைக்கும் இக்நோபல் பரிசு கிடைத்தது. அதே கெய்முக்கு 2010இல் கிராஃபீனுக்காக நிஜ நோபலும் கிடைத்தது.

வீட்டில் தவளை வேண்டாம், திராட்சை போதும். ஒரு ஸ்ட்ராவின் இரண்டு முனையிலும் ஒவ்வொரு திராட்சையைக் குத்தி, நடுவில் நூல் கட்டித் தொங்கவிடுங்கள். ஃபேனை நிறுத்துங்கள். ஆட்டம் அடங்கியதும் நியோடிமியம் காந்தத்தை ஒரு திராட்சைக்கு மிக அருகில் கொண்டுபோனால் அது மெதுவாக விலகும். காந்தத்தின் எந்தத் துருவத்தைக் காட்டினாலும் விலகத்தான் செய்யும்.

கண்காட்சிக்கு உண்மையான மிதவை வேண்டுமென்றால், பைரோலிட்டிக் கிராஃபைட் என்று கேட்டு ஒரு மெல்லிய தகடு ஆன்லைனில் வாங்குங்கள். பென்சில் கிராஃபைட்டைவிட இது பல மடங்கு நன்றாக விலக்கும். கூடவே ஒரு சென்டிமீட்டர் கன அளவில் நான்கு நியோடிமியம் காந்தங்கள். காந்தம் வாங்க வேண்டாம் என்றேனே என்று கேட்கக் கூடாது. அடியில் இருப்பது எவ்வளவு பலமாகவும் இருக்கலாம்; மேலே மிதப்பது இன்னொரு காந்தமாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான். இந்தக் காந்தங்களைப் பையனிடம் தனியாக விட வேண்டாம். இரண்டு சேரும்போது என் விரல் நடுவில் மாட்டி ரத்தம் கட்டிய தழும்பு இன்னும் இருக்கிறது. வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் இன்னும் ஜாக்கிரதை. இரண்டு காந்தத்தை விழுங்கிவிட்டால் குடலுக்குள் ஒன்றை ஒன்று இழுத்துக் குடலையே ஓட்டையாக்கிவிடும். நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் ஓட வேண்டும்.

நான்கையும் ஓர் இரும்புத் தகட்டின்மேல் சதுரமாக, சதுரங்கக் கட்டம் மாதிரி, ஒன்று வடதுருவம் மேலே, அடுத்தது தென்துருவம் மேலே என்று மாற்றி மாற்றி வையுங்கள். நாலு மூலையும் சேரும் நடுப்பகுதியின்மேல் கிராஃபைட் தகட்டைக் கிடத்தினால், அது சற்றுத் திரும்பி, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு எழும்பி நிற்கும். மின்சாரம் இல்லை, குளிர் இல்லை, சுழற்சி இல்லை, பென்சில் இல்லை. பார்க்க வருகிறவர்கள் நம்ப மாட்டார்கள், அதனால் ஒரு மெல்லிய பேப்பர் துண்டை அடியில் நுழைத்து எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்புறம் பையனை லேசாக ஊதச் சொல்லுங்கள். தகடு ஒரு பக்கம் ஒதுங்கும், ஆடும், நடுவுக்கே திரும்பி வரும். பக்கத்தில் ஒரு தலையாட்டி பொம்மையையும் வைத்துக்கொள்ளட்டும்.